75 ஏக்கர் நிலமும் ஒரு பேராசிரியரும்

ஜான் ஹென்றி மார்ட்டின் 1907-ல் பிறந்தவர். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுது பிழைத்த கறுப்பினக் குடும்பம். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. எழுதப் படிக்க அவராகவே கற்றுக்கொண்டார். 40 வயதுக்குள் 75 ஏக்கர் நிலம் சொந்தமாக வாங்கிவிட்டார். கடனை அடைக்க 40 வருடம் தவணை இருந்தது. மனிதர் ராப்பகலாக உழைத்து 5 வருடத்தில் அடைத்து முடித்தார்.

இதோடு நிறுத்திவிட்டால் நம் வாரப் பத்திரிகைகளில் வரும் 'சாதித்துக் காட்டியவர்' பக்கம் தயார். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 60 வயதைத் தொடுவதற்குள் அவருக்கு ரத்த அழுத்தம், மூட்டுவாதம், கூடவே வயிற்றுப்புண். புண் முற்றிப்போய் இரைப்பையில் 40 சதவீதத்தை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

1978-ல் இந்தக் கதையை அவர் வாயாலேயே கேட்டவர் ஷெர்மன் ஜேம்ஸ். சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரம் கற்பித்துக்கொண்டிருந்த இளம் ஆசிரியர். படித்தது என்னவோ உளவியல். பிறந்தது பக்கத்து மாநிலமான தென் கரோலினாவில், ஹார்ட்ஸ்வில் என்ற சின்ன ஊரில். அலபாமாவில் கறுப்பின மாணவர்களுக்கென்றே தொடங்கப்பட்ட டலடிகா கல்லூரியில் படித்து, செயின்ட் லூயிஸில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவரும் கறுப்பினத்தவர்தான். குடிதண்ணீர்க் குழாய்கூட நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்த காலத்துத் தெற்கில் வளர்ந்தவர். அதனால் மார்ட்டின் சொன்னதைப் புரிந்துகொள்ள அவருக்கு இடையில் யாரும் தேவைப்படவில்லை.

வாரம் என்றேன். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகு தெற்கு மாநிலங்களில் வேரூன்றிய ஏற்பாடு அது. நிலம் வெள்ளைக்கார முதலாளியுடையது. விதை, உரம், உழுகிற கோவேறு கழுதை, அடுத்த அறுவடை வரை சாப்பிட மாவும் பன்றிக் கொழுப்பும், எல்லாம் கடன். விளைந்ததில் பாதி முதலாளிக்கு. மீதிப் பாதியிலிருந்து கடனைக் கழிக்க வேண்டும். கணக்கு நோட்டும் முதலாளி வீட்டில்தான் இருக்கும். பருத்தி எத்தனை பவுண்டு தேறியது, என்ன விலைக்குப் போனது, வட்டி எவ்வளவு என்று அவர் சொல்வதுதான் கணக்கு. வருடக் கடைசியில் 'இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறதே' என்பார். அடுத்த வருடமும் அதே நிலத்தில் உழ வேண்டியதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் வாரமும் குத்தகையும் பார்த்த குடும்பத்துக்காரர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவர் தானாக எழுதப் படிக்கக் கற்றதன் அருமை அந்த நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ஜேம்ஸைப் பிடித்து உலுக்கியது மார்ட்டினின் பெயர். ஜான் ஹென்றி என்ற பெயர் தெற்கில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். மேற்கு வர்ஜீனியா மலையைக் குடைந்து ரயில் பாதை போட்ட 1870-களின் நாட்டுப்புற நாயகன் அவன். பாறையில் துளை போட உளியைச் சம்மட்டியால் அடித்து இறக்குகிற வேலை. நீராவியில் ஓடும் துளையிடும் இயந்திரம் ஒன்று வந்து சேர்கிறது. அதோடு போட்டி போட்டு ஜான் ஹென்றி ஜெயிக்கிறான். ஜெயித்த கையோடு, சம்மட்டியைப் பிடித்தபடியே செத்து விழுகிறான். அப்படி ஒருவன் உண்மையில் இருந்தானா என்று இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது. நமக்கு அது முக்கியமில்லை. கதையின் நாயகனும் எதிரே உட்கார்ந்திருந்த கிழவரும் ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே வாழ்க்கையில் இருந்தார்கள். ஜேம்ஸ் தன் கருதுகோளுக்கு அந்தப் பெயரையே வைத்தார்: ஜான் ஹென்றியிசம்.

கருதுகோள் இதுதான். தன்னை மீறிய சூழலோடு, கையில் போதிய வசதி இல்லாமல், விடாப்பிடியாக, வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்களுடைய உடம்பு அதற்கு விலை கொடுக்கிறது. அந்த விலை முதலில் தெரிகிற இடம் ரத்த அழுத்தம்.

இது ஏன் புதிது என்று கேட்கலாம். அமெரிக்காவில் கறுப்பினப் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. வெள்ளையர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது. பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் பின்னாலேயே வருகின்றன. இந்த வித்தியாசம் அப்போதே எல்லோருக்கும் தெரியும். காரணமாகப் புழங்கியவை இரண்டு: ஒன்று, அவர்கள் ரத்தமே அப்படி, இரண்டு, சாப்பாட்டிலும் நடத்தையிலும் அவர்களுக்குக் கட்டுப்பாடு போதாது. ஜேம்ஸ் இரண்டாவதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார். கட்டுப்பாடும் உழைப்பும் நிறைய இருக்கிற ஆளைத்தான் அவர் நோயாளியாகக் காட்டினார்.

நான் கேரியில் இருக்கிறேன். வட கரோலினாவின் தலைநகரான ராலேக்குப் பக்கத்தில், தமிழர்கள் நிறையப் பேர் வசிக்கிற ஊர். மருந்துப் பரிசோதனைகளின் தரவுகளோடு குப்பை கொட்டுவது என் பிழைப்பு. என் கோப்புகளில் 'ரேஸ்' என்று ஒரு நெடுவரிசை எப்போதும் இருக்கும். வெள்ளையர், கறுப்பர், ஆசியர், மற்றவர். அறிக்கையின் முதல் அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர், எத்தனை சதவீதம் என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அந்த நெடுவரிசை எதை அளக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் ஜேம்ஸின் கட்டுரைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்த எரிச்சலில்தான்.

அவர் உருவாக்கிய கேள்வித்தாளில் 12 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். நினைத்த காரியத்தை எடுத்தால் முடிக்காமல் விடமாட்டேன். நினைத்தபடி நடக்கவில்லை என்றால் இன்னும் கடுமையாக உழைப்பேன். ஒரு வேலை ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் நான்தான் செய்ய வேண்டும் என்று சில சமயம் தோன்றும். என் வாழ்க்கையை நான் நினைத்தபடி அமைத்துக்கொள்ள முடியும் என்று எப்போதும் நம்பியிருக்கிறேன். இந்தப் போக்கில் போகும். உட்கார்ந்து நிரப்பிப் பார்த்தேன். எனக்கு எக்கச்சக்கமான மதிப்பெண். மனைவியிடம் நீட்டினேன். "இது என்னங்க, எங்கப்பா எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்ததையே வரிசையா எழுதி வச்ச மாதிரி இருக்கு?" என்றாள்.

அதுதான் இந்தத் தாளின் சாமர்த்தியம். இதில் நோய்க்கூறு எதுவும் இல்லை. கோபம் வருமா, படபடப்பு உண்டா, தூக்கம் வருகிறதா என்றெல்லாம் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிற நல்ல குணங்கள் மட்டும்தான். இந்தக் குணங்கள் கெடுதல் என்று ஜேம்ஸ் சொல்லவே இல்லை. மதிப்பெண் அதிகமாக இருந்து, கையில் வசதியும் இருந்தால் பிரச்சினை இல்லை. மதிப்பெண் அதிகமாக இருந்து, படிப்பும் வருமானமும் குறைவாக இருக்கிற இடத்தில்தான் ரத்த அழுத்தம் ஏற வேண்டும் என்பது அவர் கணிப்பு. இரண்டும் சேர்கிற மூலையில்தான் விஷயம் இருக்கிறது. 1983-ல் வந்த முதல் கட்டுரை, கிராமப்புற வட கரோலினாவில் 132 கறுப்பினத் தொழிலாளிகளைப் பற்றியது. அப்புறம் எட்ஜ்கோம் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) கறுப்பர், வெள்ளையர் இருவரையும் வைத்துச் செய்த ஆய்வு 1987-ல் வந்தது. கறுப்பர்களிடம் அந்த மூலை எதிர்பார்த்தபடி தெரிந்தது. வெள்ளையர்களிடம் தெரியவில்லை.

எட்ஜ்கோம் என் வீட்டிலிருந்து கிழக்கே கார் ஓட்டிப் போய் வருகிற தூரம்தான். ராலேயைத் தாண்டியதும் ஐடி பூங்காக்கள் மறைந்து நிலம் தட்டையாகிவிடும். பருத்தி, புகையிலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வேர்க்கடலை. புகையிலை உலர்த்திய பழைய மரக் கொட்டகைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். கவுண்டியின் தலைநகர் டார்போரோ, டார் ஆற்றங்கரையில் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. பழைய வீடுகளும் பெரிய மரங்களுமாக அழகான ஊர். பாலத்தைத் தாண்டினால் எதிர்க்கரையில் பிரின்ஸ்வில். விடுதலையான அடிமைகள் போய்க் குடியேறிய இடம். 1885-ல் முறைப்படி நகரமானது. கறுப்பின மக்கள் அமைத்து, சட்டப்படி பதிவான மிகப் பழைய அமெரிக்க நகரம் இதுதான் என்கிறார்கள். அவர்களுக்கு மிஞ்சியது பள்ளம். 1999-ல் ஃப்ளாய்ட் புயலின்போது ஆறு கரையை மீறி ஊரையே மூழ்கடித்தது. திரும்பக் கட்டினார்கள். 2016-ல் மாத்யூ புயலில் மறுபடியும் வெள்ளம். மறுபடியும் கட்டினார்கள். ஜேம்ஸின் 12 வாக்கியங்களுக்கு ஒரு ஊரே பதில் எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்று பாலத்தின் மேல் காரை ஓட்டும்போது தோன்றியது.

பக்கத்து பிட் கவுண்டியில் 1988-ல் ஜேம்ஸ் தொடங்கியது இன்னும் பெரிய ஆய்வு. 25 முதல் 50 வயதுக்குட்பட்ட சுமார் 1,800 கறுப்பின ஆண்களும் பெண்களும். அவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். இங்கேதான் கதை சிக்கலாகிறது. எட்ஜ்கோமில் தெரிந்த அந்த மூலை பிட் கவுண்டியில் அப்படியே திரும்ப வரவில்லை. மற்றவர்கள் வேறு ஊர்களில் செய்து பார்த்தார்கள். சில இடத்தில் வந்தது, சில இடத்தில் வரவில்லை, சில இடத்தில் ஆண்களுக்கு ஒரு மாதிரி, பெண்களுக்கு ஒரு மாதிரி. மேடைப் பேச்சுகளிலும் சமூக ஊடகங்களிலும் 'ஜான் ஹென்றியிசம் நிரூபிக்கப்பட்ட உண்மை' என்று அடித்துவிடுகிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. தரவு வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் பிட் கவுண்டியில் இன்னொன்று தெளிவாக வந்தது. சிறுவயதிலும் ஏழை, பெரியவனான பிறகும் ஏழை என்றிருந்த ஆண்களுக்கு, இரண்டு காலத்திலும் வசதியாக இருந்தவர்களைவிட உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். எல்லோரும் ஒரே இனம், ஒரே கவுண்டி. அப்படியிருக்க ரத்தத்தின் மேல் எப்படிப் பழி போடுவது?

பழி போடுவார்கள். போன பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் இந்தப் பேச்சு வந்தது. எனக்கு முன்னால் நின்ற அண்ணன் ஒருவர், இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆனவர், நல்ல மனிதர்தான், சொன்னார்: "அதெல்லாம் ஜீன்ஸ் தம்பி. அந்தக் காலத்துல கப்பல்ல உப்பைத் தக்க வச்சுக்கிட்ட உடம்புதான் பொழைச்சுது. அதான் இவங்களுக்கு இப்ப பிரஷர்."

இது அவர் கண்டுபிடித்ததில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றி வந்த கப்பல்களில் வாந்தியிலும் பேதியிலும் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும் தன்மை உள்ளவர்கள் தப்பினார்கள். அவர்களின் வாரிசுகளுக்கு அதே தன்மை இப்போது எதிரியாகிவிட்டது என்பது அந்தக் கோட்பாடு. கேட்க நம்பும்படியாக இருக்கும். 2007-ல் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலேயே இதைச் சொன்னார்கள் என்றால் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது பாருங்கள். அடிமை வணிகத்தின் கணக்குகளையே வாழ்நாள் வேலையாகப் படித்த வரலாற்றாசிரியர் பிலிப் கர்ட்டின் 1992-லேயே இதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார். அண்ணனிடம் கர்ட்டினைச் சொல்லவில்லை. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ரிச்சர்ட் கூப்பரை மட்டும் சொன்னேன்.

கூப்பர் சிகாகோவில் லயோலா பல்கலைக்கழகத்தில் இருந்த இதய மருத்துவர், நோய்ப் பரவல் ஆய்வாளர். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரை ஆப்பிரிக்காவிலேயே, கரீபியத் தீவுகளில், சிகாகோ ஓரத்திலுள்ள மேவுட்டில் என்று அடிமைக் கப்பல் போன வழியிலேயே ஒரே முறையில் அளந்தார்கள். 1997-ல் முடிவு வந்தது. உயர் ரத்த அழுத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம், கரீபியத்தில் 26, அமெரிக்காவில் 33. கடலைத் தாண்டத் தாண்ட ஏறுகிறது. கப்பல் கோட்பாட்டுக்காரர்கள் 'அதைத்தானே சொல்கிறோம், கப்பலில் தப்பியவர்கள்' என்று இங்கே குறுக்கே வரலாம். ஆனால் கரீபியத்துக்காரர்களும் அதே கப்பலில் வந்தவர்கள்தான். அவர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இடையிலுள்ள ஏழு சதவீதத்தை எந்தக் கப்பலில் ஏற்றுவது? 2005-ல் கூப்பர் குழு இன்னொரு வேலை செய்தது. ஐரோப்பிய நாடுகளையும் பக்கத்தில் வைத்தார்கள். வெள்ளையர் நாடுகளில் 27 முதல் 55 சதவீதம் வரை. கறுப்பினக் குழுக்களில் 14 முதல் 44 வரை. உச்சத்தில் இருந்தது ஜெர்மனி. ஜெர்மானியர்களின் ரத்த அழுத்தத்துக்கு இனத்தைக் காரணம் காட்டி யாரும் கட்டுரை எழுதிய மாதிரி தெரியவில்லை.

"அப்படியா?" என்றார் அண்ணன். அப்புறம் சர்க்கரைப் பொங்கலைத் தாண்டி அப்பளத்துக்குப் போய்விட்டார்.

மரபணுப் பேச்சு வெறும் அரட்டையோடு நின்றால் பரவாயில்லை. 2005 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பைடில் என்ற மாத்திரைக்கு, தங்களைக் கறுப்பினத்தவர் என்று சொல்லிக்கொள்ளும் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு மட்டும் என்று குறிப்பிட்டு அனுமதி கொடுத்தது. இரண்டு பழைய மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்தது அது. 1,050 கறுப்பின நோயாளிகளிடம் சோதித்தார்கள். இறப்பு 43 சதவீதம் குறைந்தது. நல்ல விளைவு, சந்தேகமில்லை. ஆனால் மற்ற இனத்தவர் யாரும் அந்தச் சோதனையிலேயே இல்லை. கறுப்பர்களுக்கு மட்டும்தான் வேலை செய்கிறது என்று எதை வைத்துச் சொல்ல முடியும்? 'ரேஸ்' நெடுவரிசை மாத்திரை டப்பாவின் மேலேயே ஏறிவிட்டது.

எல்லாம் பாகுபாடுதான் என்கிற எதிர்ப்பக்கத்திலும் அவசரக்காரர்கள் உண்டு. 1999-ல் கெவின் ஷுல்மன் குழு 720 மருத்துவர்களிடம் ஒரு சோதனை செய்தது. நெஞ்சுவலி என்று சொல்லும் நோயாளிகளாக நடிகர்கள் நடித்த காணொளி. எல்லோருக்கும் ஒரே மாதிரி வசனங்கள், ஒரே மருத்துவமனை உடை. இனம், பால், வயது, வலியின் தன்மை, பரிசோதனை முடிவுகள் மாறி மாறி வரும். யாரை இதயக் குழாய்ப் பரிசோதனைக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டார்கள். கறுப்பர்களையும் பெண்களையும் அனுப்புவது 40 சதவீதம் குறைவு என்று பத்திரிகைகள் அலறின. சில மாதங்களில் அதே மருத்துவ இதழில் திருத்தம் சொல்லி வேறு மூன்று பேர் எழுதினார்கள். வெள்ளை ஆண், வெள்ளைப் பெண், கறுப்பு ஆண் மூவருக்குமே 90.6 சதவீதம். கறுப்பினப் பெண்ணுக்கு மட்டும் 78.8. ஒன்று நடப்பதற்கும் நடக்காததற்கும் உள்ள விகிதத்தை இரண்டு குழுக்களுக்கிடையே ஒப்பிடும் 'ஆட்ஸ் ரேஷியோ' என்ற கணக்கைச் சாதாரண சதவீதம் என்று நினைத்துப் படித்ததில் வந்த குளறுபடி. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் இந்த உதாரணத்தைத்தான் காட்டுவது. ஊதிப் பெருக்கியதைக் கழித்த பிறகும் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது மிச்சமிருக்கிறது, அதையும் சேர்த்தே காட்டுவேன். ஒரே வலியைச் சொன்ன நான்கு பேரில் ஒருத்தியின் வலி மட்டும் கொஞ்சம் குறைவாகக் கேட்டிருக்கிறது.

மார்ட்டினுக்குத் திரும்புகிறேன். அவர் கதையில் எனக்கு விளங்காமல் இருந்த இடம் ஒன்று. 40 வருடத் தவணையை எதற்காக 5 வருடத்தில் அடைக்க வேண்டும்? வட்டி மிச்சம் என்பது சரி. அதற்காக இரைப்பையைக் கொடுப்பார்களா? வங்கிக் கடனைச் சீக்கிரம் அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற நம் ஆட்களின் சுபாவம் மாதிரி இதையும் சுபாவம் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். கறுப்பின விவசாயிகளின் நில வரலாற்றைப் படித்தபோதுதான் வேறு மாதிரிப் பட்டது. 1920-ல் அமெரிக்காவில் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். 1990-களின் கடைசியில் 20,000 பேர்கூட இல்லை. வெள்ளை விவசாயிகளும் குறைந்தார்கள்தான், ஆனால் இந்த வேகத்தில் இல்லை. கடன் கொடுக்க வேண்டிய அரசு அலுவலகங்கள் கறுப்பர்களுக்குக் கடனை மறுத்தன, இழுத்தடித்தன, விதைப்பு முடிந்த பிறகு கொடுத்தன. ஒரு தவணை தப்பினால் நிலம் ஏலத்துக்கு வரும். இதையெல்லாம் சொல்லி விவசாயத் துறைமீது வழக்குப் போட்டவர்களில் முன்னணியில் நின்ற டிமதி பிக்ஃபோர்டும் வட கரோலினா விவசாயிதான். 1999-ல் அரசு சமரசத்துக்கு வந்து, நூறு கோடி டாலருக்கும் அதிகமாக நஷ்ட ஈடு கொடுத்தது.

அப்படியொரு ஊரில், 1940-களில், 75 ஏக்கரை 40 வருடம் கடனில் வைத்துக்கொண்டு ஒரு கறுப்பினத்தவர் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியுமா? மார்ட்டின் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. இது என் ஊகம். ஆனால் அந்த அவசரம் எனக்குச் சுபாவமாகப் படவில்லை. சுற்றுப்புறத்தைச் சரியாக எடைபோட்ட ஒருவரின் கணக்காகப் படுகிறது. ஜேம்ஸின் 12 வாக்கியங்களில் எனக்குள்ள குறையும் இதுதான். அவை ஆளை அளக்கின்றன. கடன் அலுவலகத்தை அளக்கவில்லை. கடன் அலுவலகத்துக்கும் ஒரு கேள்வித்தாள் இருந்திருந்தால் எட்ஜ்கோமும் பிட்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒருவேளை தெரிந்திருக்கும். ஹார்வர்டில் இருக்கும் டேவிட் வில்லியம்ஸ் 1997-ல் வெளியிட்ட கேள்வித்தாள் இந்தத் திசையில் ஓர் அடி எடுத்து வைத்தது. கடையில், உணவகத்தில் உங்களை மரியாதைக் குறைவாக நடத்துகிறார்களா, உங்களைப் பார்த்துப் பயப்படுகிற மாதிரி நடந்துகொள்கிறார்களா, எத்தனை தரம் என்று அது கேட்கிறது. அதுவும் பாதிக்கப்பட்டவரிடம்தான் கேட்கிறது என்பது வேறு விஷயம்.

ஜேம்ஸ் போட்ட விதை வேறு இடத்திலும் முளைத்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜீன் பிராடியும் கூட்டாளிகளும் அந்த மாநிலக் கிராமங்களின் கறுப்பின இளைஞர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். ஏழை வீட்டிலிருந்து வந்து, சுயகட்டுப்பாட்டோடு படித்து மேலே வந்த பிள்ளைகளுக்கு மனச்சோர்வு குறைவு, கெட்ட பழக்கம் குறைவு. ஆனால் அவர்களின் ரத்த அணுக்களில் பார்த்தால் வயது வேகமாக ஓடியிருந்தது. 2018-ல் வந்த இன்னொரு ஆய்வில், பின்தங்கிய சூழலிலிருந்து வந்து கல்லூரி முடித்த கறுப்பின, ஹிஸ்பானிய இளைஞர்களுக்கு மனச்சோர்வு குறைந்திருந்தது. இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்து கெடும் நிலை மட்டும் கூடியிருந்தது. அதே மாதிரிப் பின்னணியிலிருந்து வந்து கல்லூரி முடித்த வெள்ளை இளைஞர்களுக்கு இரண்டுமே நல்லபடியாக இருந்தன. பட்டம் ஒன்றுதான். அதை வாங்க நடந்த பாதை ஒன்றில்லை.

இதைப் படித்த நண்பர் ஒருவர், "நம்ம கதையும் இதேதான்" என்று உடனே சொன்னார். விசா, பச்சை அட்டைக்கு வருடக்கணக்கான காத்திருப்பு, இரண்டு மடங்கு வேலை என்று அடுக்கினார். எனக்கு முழுவதும் ஒப்புதல் இல்லை. இங்கே வந்த தெற்காசியர்களுக்கு இதய நோய் அதிகம் என்பது உண்மை. அதற்கென்றே சான் பிரான்சிஸ்கோவிலும் சிகாகோவிலும் 2010-ல் தொடங்கிய ஆய்வுக்கு 'மசாலா' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் நாங்கள் பட்டத்தோடு, வேலைக் கடிதத்தோடு, விமானத்தில் வந்து இறங்கியவர்கள். எங்கள் தாத்தாவின் நிலத்தை இந்த ஊர் ஏலம் விடவில்லை. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், வாரத்துக்கு உழுத நம் ஊர்ச் சேரிக்காரர் நிலம் வாங்கிக் கடன் அடைத்த கதையோடு ஒப்பிடலாம். அவருடைய ரத்த அழுத்தத்தை யார் அளந்தார்கள் என்று நண்பரிடம் கேட்டேன். பதில் வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

சரி, என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வு இருக்கிறது. ஜேம்ஸுடையது இல்லை, லாஸ் ஏஞ்சலஸில் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையின் ரொனால்ட் விக்டர் செய்தது, 2018-ல் வந்தது. கறுப்பின ஆண்கள் பலர் மருத்துவரிடம் எளிதில் போக மாட்டார்கள், போன இடத்தில் பட்டது அப்படி. முடிதிருத்தும் கடைக்கு மட்டும் தவறாமல் போவார்கள். அதுவும் பல வருடங்களாக ஒரே கடை, ஒரே நாற்காலி, ஒரே ஆள். விக்டர் 52 கடைகளைப் பிடித்தார். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாத 319 வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். சராசரியாக மேல் எண் 150-ஐத் தாண்டியிருந்தது. பாதிக் கடைகளில் கடைக்காரரே பேசி, மருத்துவரைப் பாருங்கள், உணவை மாற்றுங்கள் என்று சொல்வார். மீதிக் கடைகளுக்குப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் ஒருவர் நேரிலேயே வருவார். அங்கேயே அளந்து, மருத்துவரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்தை அங்கேயே எழுதிக் கொடுப்பார். அடுத்த முறை வந்தால் பார்த்து அளவைக் கூட்டுவார்.

6 மாதத்தில், கடைக்காரர் சொல்லி அனுப்பிய இடங்களில் மேல் எண் 9 புள்ளி இறங்கியது. மருந்தாளுநர் வந்த கடைகளில் 27 புள்ளி. அங்கே மூன்றில் இரண்டு பேர்வாக்கில் 130-க்கு 80 என்ற அளவுக்குக் கீழே வந்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் இறங்கியது இறங்கியபடியே இருந்தது. புது மருந்து எதுவும் கிடையாது. முதலில் கொடுத்தவற்றில் ஒன்று அம்லோடிபின், நம் வீடுகளில் அப்பா அம்மாவின் மாத்திரை டப்பாவில் இருக்கிற அதே அம்லோடிபின். 27 புள்ளி என்பது மருந்துப் பரிசோதனைத் தரவுகளிலேயே காலம் தள்ளுகிற நான் அடிக்கடி பார்க்கிற எண் இல்லை. விக்டர் அதே வருடம் இறந்துபோனார்; முதல் முடிவுகள் அச்சில் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஜேம்ஸ் மிஷிகனிலும் பிறகு டியூக்கிலும் பேராசிரியராக இருந்தார். டியூக் என் வீட்டிலிருந்து அரை மணி நேரம். அவர் 12 வாக்கியங்களை இன்னும் யாராவது எங்காவது நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். போன மாதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்த புதிய ஆய்வுத் திட்டத்தில் 'ரேஸ்' நெடுவரிசைக்குப் பக்கத்தில் படிப்பு, வருமானம், சிறுவயது வீட்டு நிலைமை மூன்றும் சேர்த்திருந்தார்கள். கடைசியாகச் சொன்னதை எப்படிக் குறியீடாக்குவது என்று கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாக்குவாதம். இன்னும் முடியவில்லை, வியாழக்கிழமை மறுபடி உட்கார்கிறோம்.